கஞ்சிக்கட்டு

ஆசியா ஆசியருக்கே என்ற மகத்தான லட்சியம், 2603ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், மலாயாவின் கெடாவில் கரங்கானுக்கு அப்பால் ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆசுபத்திரியில், இருளப்பன் என்ற எட்டு வயதுப் பையனின் இடது தொடையில் நிறைவேறியது. வெள்ளைக்காரன் கை படாமல், ஆசியக் கத்தியால் ஆசிய எலும்பைத் திறந்து, ஆசியக் கம்பியால் கட்டி மூடிய வரலாற்றுச் சிறப்புமிக்க சிகிச்சை அது. மறுநாள் காலையில் பையனுக்கு ஒன்றுக்கு வரவில்லை.

2603 என்றதும் பயப்பட வேண்டாம். ஊர் உலகத்துக்கு அது 1943தான். ஜப்பான்காரன் வந்ததும் ஆண்டை மாற்றினான்; கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தான். ஜனங்கள் கும்மிருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசை கட்டி நின்று, விடிந்துவிட்டதாக நம்பினார்கள். அந்த மாதிரி நம்பிக்கைகளில் ஒன்றுதான் டாக்டர் சீனிவாசகம்.

சீனிவாசகம் டிரசர். சொறிக்கு மருந்து தடவுவார், பேதிக்கு உப்பு கொடுப்பார். யுத்தத்துக்கு முன்னால் வெள்ளைக்கார டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வருவார். அவர் வேலை செய்யும்போது அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது டிரசரின் பொறுப்பு. தொப்பியைப் பிடித்தபடியே ஒருமுறை எலும்பு கட்டுவதையும் பார்த்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூருக்கு ஓடியபோது டாக்டர் தமது கோட்டை ஆணியில் விட்டுவிட்டுப் போனார். டிரசர் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். கை நீளம், மடித்துவிட்டார். மடிப்புக்குள் மஞ்சள் மருந்துக்கறையும் எவனுடையதோ காய்ந்த சீழும் இருந்தன. துவைத்தால் கோட்டு நைந்துவிடும் என்று துவைக்கவில்லை. அன்று முதல் அவரை டிரசரய்யா என்று கூப்பிட்டவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. டாக்டரய்யா என்று கூப்பிட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, மருந்து இல்லை. ஆனால் நாடி பார்த்தார்.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வந்தது. அன்று பார்வையிட வரும் ஜப்பான் அதிகாரிக்கு ஒவ்வொரு தோட்டமும் ஒரு சாதனை காட்ட வேண்டும் என்று உத்தரவு. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரைக் காய்ச்சி விளக்கெரிக்க எண்ணெய் எடுத்திருந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் அன்னாசி நாரில் சட்டை நெய்திருந்தார்கள். போட்டவனுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது, இருந்தாலும் சாதனை. ஏழாங்கட்டையில் இருந்தது மரவள்ளிக்கிழங்கும் சொறியும்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு தோட்டத்தை ஆண்ட, ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி பரஞ்சோதி, இந்த இரண்டையும் எப்படிச் சோடித்துக் காட்டுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், மரவள்ளி நடுவதற்காக வெட்டிச் சாய்த்த ரப்பர் மரம் ஒன்று இருளப்பன் மேல் விழுந்தது. தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"கடவுள் கண்ணத் தெறந்துட்டாரு, டாக்டர்," என்றார் கிராணி.

பையனின் தாய் மருதம்மாள் பால்மரம் சீவுகிறவள். புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்தவள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "குலிம் டவுனு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்க," என்றாள்.

"குலிமுக்குப் போனா அது குலிம் சாதனையா ஆயிடும்," என்றார் கிராணி. "நம்ம புள்ள நம்ம தோட்டத்துலதான் குணமாவணும்."

பிறந்தநாள் விழாவுக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிகிச்சை நடந்தது. மீந்திருந்த குளோரோபாரத்தைத் துணியில் ஊற்றிப் பையன் மூக்கில் வைத்தார் டிரசர். ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை மரத்தில் மாட்டும் கம்பியில் ஒரு துண்டை வெந்நீரில் போட்டெடுத்து, எலும்பைச் சுற்றி முறுக்கினார். ஈ ஓட்டுவது ஆசுபத்திரி வேலையாள் அய்யாவுவின் வேலை. அய்யாவு எப்போதும் வெற்றிலை போட்டிருப்பான். குனியும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். பாதி நேரம் ஞாபகம் வைத்திருந்தான்.

கட்டுப் போட பிளாஸ்டர் மாவு கிடையாது. அதற்கெல்லாம் அசரவில்லை டிரசர். சாக்கைக் கிழித்து, மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, அதில் தோய்த்துத் தோய்த்துச் சுற்றினார். தொப்புளுக்கு மேலே ஆரம்பித்து இடது கால் விரல் வரைக்கும், வலது பக்கம் பாதித் தொடை வரைக்கும் சுற்றியாயிற்று. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக நடுவே ஓர் ஓட்டை விட வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. எவ்வளவு பெரிய ஓட்டை என்பது ஞாபகம் இல்லை. பிறகு ரப்பர் ஷீட்டைக் காயப்போடுவது மாதிரி பையனை வெயிலில் காயப்போட்டார்கள். கட்டெறும்புகள் வந்தன. கோழி ஒன்று வந்து கால் பெருவிரலில் ஒட்டியிருந்த கூழைக் கொத்திப் பார்த்தது.

கட்டு காய்ந்ததும் கிராணி தன் பங்குக்குச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினார். அப்படியும் மனம் நிறையவில்லை. ஸ்டோரிலிருந்து சிவப்புச் சாயத்தை வரவழைத்து, அடிவயிற்றுக்கு நேராக வட்டமாக ஒரு சூரியன் வரைந்தார். எட்டி நின்று பார்த்தால் சாட்சாத் ஜப்பான் கொடி. கிட்டப் போனால் புளித்த மாவு நாற்றம்.

பையனுக்கு மயக்கம் தெளிந்தபோது டிரசர் பக்கத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்தார்.

"இந்தாடா, இது மரவள்ளிக் கட்டு. ஒண்ணுக்கு இருந்தே, கட்டு கரைஞ்சிடும். கட்டு கரைஞ்சா காலும் கரைஞ்சிடும். ஜப்பான் தொரை வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் அடக்கிக்க. ஜப்பான் சிப்பாயெல்லாம் நாள் கணக்குல அடக்குவான், தெரியுமா?"

இருளப்பன் நம்பினான். அந்த வயதில் டாக்டர் கோட்டைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். அந்த இரவு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினான். காலையில், இனி முடியாது, கால் போனாலும் போகட்டும் என்று விட்டபோது வரவில்லை. முக்கினான். வரவில்லை. மல்லாந்தே கிடந்து எப்படி இருப்பது என்று உடம்புக்கும் தெரியவில்லை.

"டாக்டரய்யா, புள்ளைக்கு ஒண்ணுக்கு வரலைங்க," என்றாள் மருதம்மாள்.

"நல்லதுதானே."

"வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க."

"அது கட்டும்மா. கட்டு கல்லாட்டந்தான் இருக்கும்."

"கட்டுக்கு மேலயும் வீங்குதுங்க. தொட்டா அலறுறான்."

டிரசர் கட்டின் விளிம்புக்கு மேலே விரலால் தட்டிப் பார்த்தார். பழுத்த பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "காத்து," என்றார்.

கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்து ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டதும் ஆளுக்கொரு வைத்தியத்துடன் வந்தார்கள். ஒருத்தி இளநீர் கொண்டுவந்தாள். ஒருத்தி வெள்ளரி விதையை அரைத்துக் கரைத்து வந்தாள். ஒருத்தர் அன்னாசிச் சாறு. மருதம்மாள் டிரசருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் புகட்டினாள். உள்ளே போவதெல்லாம் ஒழுங்காகப் போனது. வெளியேதான் வரவில்லை. மத்தியானத்துக்குள் பையனுக்கு அலறவும் தெம்பில்லை. மேலுதட்டில் வேர்வை நிற்க, மூச்சை எண்ணி விடுகிறவன் மாதிரி கிடந்தான்.

மருதம்மாள் ஒரு டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்குத் தண்ணீரை ஊற்றிச் சத்தம் காட்டினாள். "சத்தத்தக் கேளு சாமி. சொர்ர்னு கேக்குது பாரு. இருந்துடுடா கண்ணு."

அய்யாவு அதுவரை கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, நீ ஊத்துற சத்தத்துல எனக்குதான் முட்டுது," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

டிரசர் வந்து டின்களைப் பிடுங்கினார். "கட்டுல தெறிக்குது. அறிவிருக்கா?"

"ஒரு ட்யூப்பு விட்டு எடுப்பாங்களாமே, அதச் செய்யுங்க."

அந்த ரப்பர்க் குழாய் ஆசுபத்திரியில் ஒன்று இருக்கத்தான் இருந்தது. கிராணி பீப்பாயிலிருந்து சம்சுச் சாராயம் உறிஞ்சுவதற்காக இரவல் வாங்கிப் போனவர் அதை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை மச்சானுக்குக் கொடுத்திருந்தார். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் ரப்பர் மரம். பிள்ளைக்கு விட ஒரு சாண் ரப்பர்க் குழாய் இல்லை. டிரசர் இதைச் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய், மெல்லிசான பப்பாளி இலைக் காம்பு ஒன்றை ஒடித்துக் கோட்டில் துடைத்தபடி வந்தார்.

மருதம்மாள் எழுந்து நின்றாள். "அந்தக் குச்சியப் புள்ளகிட்ட கொண்டாந்தீங்க, உங்க கையக் கடிச்சு எடுத்துடுவேன்."

"உள்நாட்டு உபகரணம்மா இது."

"உங்களுக்கு விட்டுப் பாத்துட்டு வாங்க."

டிரசர் காம்பைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"கட்ட வெட்டுங்க," என்றாள் அவள். "முழுசா வேணாம். அடிவயித்துகிட்ட மட்டும் ஒரு சன்னலு மாதிரி வெட்டுனா வயிறு தளரும். சுடுதுணி வெச்சு ஒத்தடம் குடுத்தா வந்துடும். இறுக்கிப் பிடிச்சிருக்குதுங்க."

இந்த இடத்தில் டிரசரே கொஞ்சம் யோசித்தார். யோசனை நல்லதுதான். கத்தரியைக்கூட எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, தோரணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த கிராணி பரஞ்சோதி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"எங்க வெட்டப் போறீங்க டாக்டர்?"

"அடிவயித்துல."

"அங்க என்ன இருக்கு, பாருங்க."

அங்கே சூரியன் இருந்தது.

"அதுல கத்தி வெச்சா என்னா அர்த்தம் தெரியுமா?" என்றார் கிராணி குரலைத் தாழ்த்தி. "போன மாசம் ஒருத்தன் கொடிய மடிக்கிறப்ப கீழ போட்டுட்டான். அவன் பல்லு இப்ப அவன் வாயில இல்ல."

டிரசர் கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார். "கட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார். "வெட்ட அவசியமில்ல."

"அய்யா, புள்ள வெடிச்சிடுவாங்கய்யா."

"நாளைக் காலையில தொரை வந்து பாத்துட்டுப் போனதும் மொத வேலையா வெட்டிடலாம். ஒரு ராத்திரிதானே மருதம்மா? பெரிய மனுசங்க வர்றப்ப கொஞ்சம் பொறுத்துக்கணும்லா," என்றார் டிரசர்.

மருதம்மாள் அவரைப் பார்த்தாள். அவருடைய வாயைப் பார்த்தாள். காறித் துப்ப வந்ததை விழுங்கிக்கொண்டாள். பிள்ளையின் உயிர் அந்தக் கோட்டின் கையில் இருந்தது.

விடிந்தது. அதிகாரி வருவதாகச் சொன்ன நேரம் தோக்கியோ நேரமா, மலாய் நேரமா என்று யாருக்கும் தெரியாததால், இரண்டுக்கும் நின்றார்கள். ஆசுபத்திரி வராந்தாவில் டிரசர், கிராணி, கங்காணிமார், கரங்கான் கடைத்தெருவிலிருந்து வந்த வியாபாரிகள் இரண்டு பேர். வெயிலில் லயத்து ஜனம். வராந்தாவின் ஒரு கோடியில் வெளிச்சம் நன்றாக விழும் என்று கிராணி இருளப்பனின் கட்டிலைப் போட்டிருந்தார். கட்டிலுக்கு மாலை. பையன் முகம் சாம்பல் நிறம். கட்டு ஓரங்களில் புளித்து ஊறி, நூல் நூலாக இழுத்தது. ஈக்கள் அதில் சிக்கிக்கொண்டிருந்தன. நாற்றத்தை மறைக்க ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஊதுவத்தியும் கிடந்தது, நாற்றமும் கிடந்தது.

மருதம்மாள் கட்டில் பக்கத்தில் நின்றாள். பால் சீவும் கத்தி அவள் மடியில் இருந்தது. வேலைக்காட்டுக்குப் போகிறவளிடம் கத்தி இருப்பதை யாரும் கேட்பதில்லை.

டிரசர் கோட்டின் கீழே அன்று புதிதாக பூட்ஸ் போட்டிருந்தார். தோட்டமே ரப்பர்ப் பாலில் வார்த்த செருப்பில் நடந்த காலம் அது. குலிமில் ஒரு முதலாளியிடம் அசல் சீமைத் தோல் என்று வாங்கியது. நடக்கும்போது சத்தம் கேட்க வேண்டும் என்று தேவையில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

கார் வந்தது. அதிகாரி குட்டையான மனிதர்; குலிமிலிருந்து குழியும் மேடுமாக வந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கி முகம் இறுகியிருந்தார். கிராணி வரவேற்புரைக்கு வாயைத் திறந்தார். அதிகாரி கையை ஆட்டி நிறுத்தினார். முதலில் சக்கரவர்த்திக்கு வணக்கம். தோக்கியோ இருக்கும் வடகிழக்குத் திசையைக் கையால் காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். "கேரே!" என்று ஒரு கத்தல். எல்லோரும் இடுப்பு வரை குனிந்தார்கள்.

குனிந்த பிறகுதான் டிரசருக்குத் தெரிந்தது, வடகிழக்கில் இருப்பது இருளப்பனின் கட்டில் என்று.

"நவோரே" என்று அதிகாரி சொன்னால்தான் நிமிரலாம். முன்பு ஒருமுறை அவர் சொல்வதற்குள் நிமிர்ந்து, அறை வாங்கிக் கன்னம் வீங்கிப்போன கங்காணி ஒருவர் அந்த வரிசையிலேயே நின்றார். அதனால் யாரும் அசையவில்லை. அதிகாரியின் பூட்ஸ் சத்தம் வராந்தாவை விட்டு இறங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு, எங்கோ அவசரமாகப் போனது.

எல்லாத் தலையும் கீழே. தோட்டமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருதம்மாள் மட்டும் மெதுவாக நிமிர்ந்தாள். மடியிலிருந்து கத்தியை எடுத்தாள். மரத்துப் பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். சூரியனைச் சுற்றி ஒரு கோடு. இன்னொரு கோடு. நகத்தை விட்டு நெம்பினாள். சட்டி மூடியைத் தூக்குகிற மாதிரி சூரியன் வந்துவிட்டது. உள்ளே சிவந்து தடித்த வயிறு ஒரு முறை ஏறி இறங்கியது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சரியாகக் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம். குலிமிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த சத்தம். பலகைச் சுவரில் மோதித் தெறித்து, நின்று, மறுபடி ஆரம்பித்தது. குனிந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பக்தியோடு கேட்டார்கள்.

இருளப்பனும் கேட்டான். அவன் கண் அகலமாகத் திறந்தது.

"அம்மா, வருதும்மா."

"வரட்டும் சாமி."

"கால் கரைஞ்சிடும்மா."

"கரையட்டும். கரைஞ்சா நான் தூக்கிக்கிறேன். நீ இருடா."

வந்தது. முதலில் சொட்டு, பிறகு ரத்தம் கலந்த மாதிரி ஒரு சிவப்பு, பிறகு இளநீரும் வெள்ளரி விதையும் அன்னாசியும் எல்லாமுமாக. பையன் அழவில்லை, ஏதோ பெரிய சாப்பாட்டைச் சாப்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான். கட்டு கரைந்தது. கஞ்சி கஞ்சியாகக் கட்டிலிலிருந்து வழிந்து, சிமெண்டுத் தரையில் விழுந்து, வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஓடையாகக் கிளம்பியது. தரை டிரசர் நின்ற பக்கம் சரிவு.

குனிந்திருந்தவர்கள் அது வருவதைப் பார்த்தார்கள். வேறு எதையும் பார்க்க முடியாத நிலையில் இருந்தார்கள். ஓடை சாவகாசமாக வந்தது. செத்த ஈக்களும் எறும்புகளும் மிதந்து வந்தன. கடைக்காரர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டிரசரின் பூட்ஸ் இரண்டையும் சுற்றித் தேங்கி நின்றது.

சுவருக்குப் பின்னால் சத்தம் நின்றது. பூட்ஸ் சத்தம். கார்க் கதவு சாத்துகிற சத்தம். கார் கிளம்பி, கரங்கான் பக்கமாகப் போய்த் தேய்ந்து மறைந்தது. யாரும் "நவோரே" சொல்லவில்லை.

"போயிட்டானா?" என்று கிராணி தன் முழங்காலிடம் கேட்டார்.

"அவரு போயி ரொம்ப நேரமாச்சுங்க," என்றான் அய்யாவு. "நீங்கள்லாம் இப்ப கும்புடறது இருளப்பனைலா."

ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். கிராணியின் கண்ணில் முதலில் பட்டது தரையில் கிடந்த சூரியன். எடுத்தார். எறியவும் பயம், வைத்துக்கொள்ளவும் அருவருப்பு. அது அவர் விரலெல்லாம் ஒட்டி இழுத்தது. கடைசியில் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதில் இன்னும் எறும்பு இருந்தது.

மருதம்மாள் கரைந்த சாக்குத் துணிகளை உரித்து எறிந்தாள். கால் கரையவில்லை. தையல் போட்ட இடம் கொழகொழத்து, மங்குக் கம்பியின் முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடையில் கங்காணி ஒருவர் திரும்பிக்கொண்டார். பையன் அதைக் கவனிக்கவில்லை. "அம்மா, பசிக்குது," என்றான்.

அவள் பலகை ஒன்றை எடுத்துக் காலோடு சேர்த்துச் சேலைத் துணியால் கட்டினாள். லயத்து ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்து, "கட்டிலோட தூக்குங்கண்ணே. குலிமுக்குப் போறேன்," என்றாள். அவர்கள் தூக்கினார்கள்.

டிரசருக்கு அப்போதுதான் தான் டாக்டர் என்பது நினைவுக்கு வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை மறிக்க அடியெடுத்து வைத்தார்.

"என் உத்தரவில்லாம ஒரு நோயாளியும் இந்த ஆசுபத்திரிய விட்டு வெளிய போகக்கூடாது."

பூட்ஸின் மேல்பாகம் அவரோடு வந்தது. அடிப்பாகம் நனைந்த தரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது காகித அட்டை.